நாலு மூலை மோதிரம்

சமையல் மேடையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் அந்த மோதிரம் கிடக்கிறது. அத்தைதான் மஞ்சள் போட்டுத் தேய்த்துக் கழுவி அங்கே வைத்திருக்கிறார்கள். சதுர முகப்பு. நடுவில் என் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்து புடைத்து நிற்கிறது. நாலு மூலையும் இன்னும் கூர் மழுங்காமல் இருக்கின்றன. இத்தனை வருடம் விரலோடு பார்த்த பொருளை விரல் இல்லாமல் பார்க்கும்போது, அது இவ்வளவு சின்னதாகவா இருந்தது என்று தோன்றுகிறது.

உனக்குத் தெரிந்த மோதிரம்தான். நீ அதை அவர் கையில் பார்ப்பதற்கு முன்பே என் முகத்தில் பார்த்தாய்.

உனக்கு நான் இதுவரை ஒரு கடிதமும் எழுதியதில்லை. தினமும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவளுக்கு என்னத்தை எழுத? இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை என் பெண் அபிக்கு நிச்சயதார்த்தம். அபி என்றால் நீ பார்த்த அந்த ரெட்டைச் சடைப் பெண் இல்லை. படித்து முடித்து, சென்னையில் வேலை பார்த்து, லீவு போட்டு வந்து, இப்போது முன்னறையில் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். பையன் நல்ல பையனாகத்தான் தெரிகிறான். நிச்சயத்தன்று பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும். காலையில் காபி குடித்துக்கொண்டே அத்தை சொன்னார்கள்:

"புதுசா என்னத்துக்குச் செய்யணும்? இதுதான் சும்மா கிடக்குதே. ஆசாரிகிட்ட குடுத்து அளவு மட்டும் சரி பண்ணிட்டா மாப்பிள்ளை விரல்ல போட்டுறலாம். மாமனார் மோதிரம் மருமகனுக்கு வாரது நல்ல ராசில்லா."

"பாக்கலாம் அத்தை" என்றேன்.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டு வந்து, கணக்கு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, உனக்கு எழுத உட்கார்ந்தேன். வேறு யாரிடம் கேட்க?

உன்னை முதலில் பார்த்ததும் ஒரு மோதிரத்தோடுதான். நீ எங்கள் பள்ளிக்கூடத்துக்கு பி.டி. டீச்சராக வந்த முதல் வாரம். எனக்கு நீ யாரென்றே தெரியாது. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் காலை பஸ், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், என்னைப் போல டிபன் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் என்று நிரம்பி வழிந்தது. கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஆளின் கை, பஸ் குலுங்காதபோதும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் செய்ததெல்லாம் டிபன் பையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனது மட்டும்தான்.

நீ இரண்டு ஆள் தள்ளி நின்றாய். உன் கட்டைவிரலால் மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சிவப்புக் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பியதை நான் பார்த்தேன். எதற்கென்று விளங்கவில்லை. கூட்டத்தை விலக்கி வந்து, தெரிந்தவர் கையைப் பிடிக்கிற மாதிரி அந்த ஆளின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாய். அவன் "ஆ"வென்று கத்தினான்.

"என்ன அண்ணாச்சி, முள்ளு குத்திட்டா? பஸ்ஸுக்குள்ள எங்கன இருந்து முள்ளு வந்துச்சு?"

"ஏம்மா, கைய விடும்மா!"

"விடுதேன் அண்ணாச்சி. கை இவ்வளவு நேரம் எங்கன இருந்துச்சுன்னு சத்தமா ஒரு தடவை சொல்லிருங்க. உடனே விடுதேன்."

கண்டக்டர் தலையை நீட்டி, "என்னம்மா அங்கன சத்தம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். அண்ணாச்சிக்குக் கை வலிக்காம். இறங்கி மருந்து போடணுமாம்."

பஸ்ஸே சிரித்தது. விசில் கொடுத்து இறக்கிவிட்டார்கள். ஒரு கருவேல நிழல்கூட இல்லாத கரிசல் காட்டு நடுவில், கையை உதறிக்கொண்டு அவன் சின்னதாகிப் போனதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நான் உன் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாய். சந்தையில் வாங்கின கவரிங். கல்லைப் பிடித்திருந்த கம்பிகள் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தன. பயிற்சி முகாமில் உங்கள் மாஸ்டர் காட்டிய ஒரு பழைய இரும்பு வளையத்தைப் பற்றிச் சொன்னாய். உள்பக்கம் முள் வைத்தது. மல்லுக்கட்டுகிறவர்கள் விரலில் போட்டு உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்வார்களாம். கேட்க பயமாக இருந்தது. உனக்கோ அது ஒரு சமையல் பக்குவம் மாதிரி.

"மோதிரத்தைப் போட்டுக்கிட்டுப் பிடிக்கலாம் டீச்சர், குத்தக் கூடாது. குத்தினா வாங்குறவனுக்குத் தோல் போவும். குத்துறவளுக்கு விரலே போவும்."

அதனால்தான் உன் தற்காப்பு வகுப்பு தொடங்கும்போதெல்லாம் அந்த டப்பா சுற்றி வரும். கடம்பூர் போளி வாங்கிய பிளாஸ்டிக் டப்பா. எத்தனை கழுவியும் நெய்வாசனை போகாதது. மோதிரம், வளையல், கம்மல் எல்லாம் அதற்குள் போக வேண்டும். என் பீரியட் முடிந்த பிறகு ஜன்னல் வழியாக உன் வகுப்பைப் பார்ப்பேன். வேப்பமரக் கிளையில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டிருப்பாய். பெண்பிள்ளைகள் கத்திக்கொண்டே குத்துவார்கள். எனக்கும் ஒருநாள் அப்படிக் கத்த வேண்டும்போல இருக்கும்.

முத்துமாரியை நினைவிருக்கிறதா? ஒன்பதாம் வகுப்பு. டப்பாவில் எதையும் போடாமல் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டவள். சனி பிடிக்காமல் இருக்க அவள் அண்ணன் போட்டிருந்த குதிரை லாட மோதிரத்தை எடுத்து, அதன் முனையை ஆட்டுரலில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கி நடுவிரலில் போட்டிருந்தாள். மூட்டையில் ஓங்கிக் குத்தினாள். மூட்டை கிழிந்து மணல் கொட்டியது. கூடவே அவள் விரலும் வீங்கிவிட்டது. மோதிரம் கழன்று வரவில்லை.

"ஏட்டி, யாரைக் கொல்ல இந்த ஏற்பாடு?" என்றாய்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள். "தீப்பெட்டி ஆபீஸ் ரோட்டுல ஒருத்தன் தெனமும் பைக்ல பின்னாலயே வாரான் டீச்சர்."

நீ திட்டவில்லை. தையல் அறையிலிருந்து நூல்கண்டு எடுத்துவரச் சொன்னாய். நூலின் ஒரு முனையை ஒரு கொண்டை ஊசியால் மோதிரத்துக்கு அடியில் நுழைத்து இந்தப் பக்கம் விட்டாய். மறுபக்கம் வீங்கிய விரலைச் சுற்றி நூலை நெருக்க நெருக்கமாக மூட்டுவரை சுற்றினாய். பிறகு உள்ளே நுழைத்த முனையைப் பிடித்து மெல்லப் பிரிக்கத் தொடங்கினாய். சுற்று ஒவ்வொன்றாகப் பிரியப் பிரிய, மோதிரம் ஒவ்வொரு மயிரிழையாக நகர்ந்து வந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். அது கழன்று உன் மடியில் விழுந்ததும் நீ அந்தப் பிள்ளைகளிடம் சொன்னாய்:

"போடத் தெரிஞ்சா பத்தாதுட்டி. கழட்டத் தெரியணும். கழட்ட முடியாட்டா அது ஆயுதம் இல்ல, விலங்கு."

அன்று சாயங்காலம் நீ முத்துமாரியோடு அந்த ரோட்டில் நடந்து போனாய். அதற்கு மறுநாளும் போனாய். பைக் பிறகு வரவில்லை என்று அவளே சொன்னாள். நீ அவனை என்ன செய்தாய் என்று நான் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, அவன் வண்டி நம்பரை அவன்கிட்டயே ஒரு தடவை வாசிச்சுக் காமிச்சேன்" என்றாய்.

அடுத்து நீ கழற்றப் பார்த்தது என் வீட்டு மோதிரத்தை.

ஒரு திங்கட்கிழமை புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தேன். இருட்டில் கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் "பாத்து நடக்கக் கூடாதா டீச்சர்" என்றார்கள். நீ மட்டும், மதியம் சாப்பிட்ட பிறகு கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, பிளாஸ்திரியை லேசாக விலக்கிப் பார்த்தாய்.

"கதவு இடிச்சா நீளமா கோடு விழும். இது மூலை. உங்க வீட்டுக்காரர் கையில சதுர மோதிரமா டீச்சர்?"

குழாயை மூடாமல் நின்றேன். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நீதான் மூடினாய்.

பிறகு பஸ்ஸில் உனக்கு அந்த மோதிரத்தின் கதையைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது என் அப்பா செய்து போட்டது. பருத்தி நன்றாக வெடித்த வருடம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை டவுனில் கடை வைத்திருக்கிறவர் என்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. "தூரத்துல வரும்போதே மாப்பிள்ளை கை தெரியணும்" என்று சொல்லிக் கனமாகச் செய்யச் சொன்னார். ஆசாரி மூலையை அரத்தால் வழிக்கப் போனபோது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மழுக்கிராதீரும். கம்பீரம் போயிரும்." நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் கண் முதலில் மருமகன் விரலுக்குத்தான் போகும். பார்த்துவிட்டுத் திருப்தியாக உட்காருவார். என் முகத்தைப் பிறகுதான் பார்ப்பார். அதற்குள் நான் அடுப்படிக்குப் போயிருப்பேன்.

நீ முழுவதையும் கேட்டாய். பஸ் ஸ்டாண்டு வந்தபோது முதல்முறையாக என்னை 'ஏட்டி' என்றாய்.

"வெளிய வாட்டி."

எனக்கு ஏகப்பட்ட காரணங்கள் இருந்தன. அபி சின்னவள். அப்பா அப்போதுதான் நெஞ்சுவலி வந்து தேறியிருந்தார். சம்பளம் வாங்கிய அன்றே வீட்டுக்காரர் கைக்குப் போய்விடும். அண்ணன் வீட்டில் அண்ணன் பிள்ளைகளுக்கே இடமில்லை. நீ எதையும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நீ இன்னொரு தடவை சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அவ்வளவுதான் நடந்திருக்கும். அது உனக்குத் தெரிந்திருக்கிறது.

"சரி. அதுவரைக்கும் நிக்கத் தெரிஞ்சுக்கோ" என்றாய்.

ஹாக்கி மட்டைகள் அடுக்கிய உன் அறையில், கதவைச் சாத்திவிட்டு, மதிய இடைவேளைகளில் எனக்கு நீ சொல்லிக்கொடுத்ததில் அடி என்று எதுவுமில்லை. கால் எடுத்து வைக்கிற ஒரே ஒரு எட்டு மட்டும்தான். உன் வலது மோதிர விரலில் ஒரு சாக்பீஸ் துண்டை நூலால் கட்டிக்கொள்வாய். அதுதான் அவருடைய மோதிரம். கையை வீசிக்கொண்டு வருவாய். நான் பின்னால் போகக் கூடாது, குனியக் கூடாது, முகத்தை மூடக் கூடாது. அந்தக் கைக்கு வெளிப்பக்கமாக, உன் வலது தோளைத் தாண்டி ஒரு எட்டு வைக்க வேண்டும்.

"பின்னால போனா மோதிரம் கூடவே வரும். அதோட வெளிப்பக்கம் போயிட்டா அதுக்கு உன் மூஞ்சி தெரியாது."

எத்தனை தடவை தப்பாக வைத்தேனோ அத்தனை தடவையும் கன்னத்தில் வெள்ளைக்கோடு.

"செத்த. மறுபடி வா... இப்பவும் செத்த. ஏட்டி, கணக்கு டீச்சருக்குக் கோணம்கூடத் தெரியாதா?"

முகத்தைக் கழுவிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போவேன். "டீச்சர், காதுல சாக்பீஸ்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த மதியங்களில்தான் நான் அதிகம் சிரித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றோ, அத்தையிடம் எதிர்த்துப் பேசினேன் என்றோ, காரணம் மறந்துவிட்டது. படுக்கையறையில், பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் கை உயர்ந்தது. நான் எதையும் நினைக்கவில்லை. கால் தானாகப் போய்விட்டது. அவர் கை நான் இருந்த இடத்தைத் தாண்டிப் போய் பீரோக் கதவில் இறங்கியது. அப்படி ஒரு சத்தம். தகரத்தில் ஒரு குழி. குழியின் ஓரத்தில் மோதிர மூலையின் வெட்டு. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விரல் உடைந்து, கட்டுப்போட்டு, மூட்டு தடித்துச் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த மோதிரம் கழன்று வரவேயில்லை. நீ சொன்ன விலங்கு அவருக்குத்தான் மாட்டியது என்று உன்னிடம் சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

நீ சரியாகத்தான் பார்த்தாய். அடி நின்றது. பூட்டு வந்தது.

வாசலில் கம்பிக் கதவு வைத்தார். டவுனில் திருட்டு ஜாஸ்தி என்று எல்லோரிடமும் சொன்னார். வேலை நாட்களில் அது திறந்திருக்கும், சம்பளம் வர வேண்டுமே. லீவு நாட்களில் வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவார். அத்தையும் உள்ளேதான் இருப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு பூட்டாகவே தெரியவில்லை. "எங்க போவணும் இப்ப?" என்பார்கள். எனக்கும் போவதற்கு ஓர் இடம் இருந்ததில்லை. ஆனாலும் ஞாயிறு முழுவதும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு தீபாவளி லீவில் நீ வந்தாய். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு போளியாக மடித்துக் கம்பி இடுக்கு வழியாக உள்ளே நீட்டினாய். அபி ஓடிவந்து வாங்கித் தின்றாள்.

"ஜெயில்ல மனுப் போட்டுப் பாக்க வந்த மாதிரில்லா இருக்கு" என்றாய். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். போகும்போது மெதுவாகச் சொன்னாய்: "ஆயுதத்தை மாத்திட்டான்ட்டி. இதுக்கு எந்தப் பக்கம் நவுர்றதுன்னு எனக்கும் தெரியல."

உனக்குத் தெரியவில்லை என்று நீ சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. ஐப்பசி மழைக் காய்ச்சலில் நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டு வந்து உன்னைப் பார்த்தேன். "திங்கக்கிழமை வந்துருவேன், என் டப்பாவை யாரும் எடுத்துறாம பாத்துக்கோ" என்றாய். ஞாயிற்றுக்கிழமை காலை முத்துமாரிதான் போன் செய்தாள். அவளால் பேச முடியவில்லை, அழுகை மட்டும்தான் கேட்டது. கதவு பூட்டியிருந்தது. அவருக்குப் போன் செய்தேன். "கடையில கூட்டமா இருக்கு, வாரேன்" என்றார். மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. சேலை மாற்றிக்கொண்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அத்தை, "உள்ள வந்து உக்காரு தாயி, கால் வலிக்கும்" என்றார்கள். அவர் வந்து திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. நான் கடம்பூர் வந்து சேர்ந்தபோது உன் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

உன் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. அதனாலேயே பஸ்ஸில் இன்னும் பக்கத்து சீட்டில் பையை வைக்காமல் வருகிறேன்.

போன சித்திரையில் அவர் கடையிலேயே விழுந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. வலது பக்கம் முழுவதும் விளங்காமல் போய்விட்டது. பேச்சு குழறிப் போனது. ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கை வீங்கிக்கொண்டே வந்தது. மோதிரம் சதைக்குள் புதைய ஆரம்பித்தது. நர்ஸ் பெண் சோப்பு போட்டுப் பார்த்தாள், எண்ணெய் தடவிப் பார்த்தாள்.

"ரத்த ஓட்டம் நின்னுரும்க்கா. வெட்டித்தான் எடுக்கணும்" என்றாள்.

அத்தை அழுதுவிட்டார்கள். "வெட்டாதீங்கம்மா, கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம். அபசகுனம்மா."

"நூல் இருக்கா?" என்று நான் கேட்டேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டெய்லர் கடையில் நூல்கண்டு வாங்கி வந்தேன். கொண்டை ஊசி என் தலையிலேயே இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பயமில்லாமல் பிடித்தேன் என்று எழுதினால் அது பொய். விளங்காத கை என்று தெரியும், இருந்தும் என் தோள் இறுகியிருந்தது. நூலை அடியில் நுழைத்து, தடித்த அந்த மூட்டைச் சுற்றிச் சுற்றி, நீ செய்தது போலவே பிரித்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வலித்ததோ என்னவோ, சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. மூட்டு எலும்பில் வந்து வெகுநேரம் நின்றது. நர்ஸ், "விட்டுருங்கக்கா" என்றாள். நான் விடவில்லை. கழன்று வந்தபோது விரலில் ஒரு வெள்ளைப் பள்ளம் இருந்தது, வெயிலே படாத தோல்.

"எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"என் சிநேகிதி பி.டி. டீச்சர்" என்றேன். 'இருந்தாள்' என்று சொல்ல வரவில்லை.

அந்த மோதிரம்தான் இப்போது தட்டில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது இன்னொரு கைக்குப் போகப் பார்க்கிறது, என் பெண்ணின் கையால். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால், இந்த வீட்டில் இதுவரை யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், அவர் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போதே. 'பாக்கலாம்' என்று இன்னும் மூன்று நாள் தள்ளிவிடலாம்தான். அப்பா ஆசாரியின் கையைப் பிடித்தபோதும் நான் சும்மாதான் நின்றேன்.

கொஞ்சம் இரு. வருகிறேன்.

* * *

எழுந்து போய்விட்டு வந்திருக்கிறேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

தட்டை எடுத்துக்கொண்டு நடு அறைக்குப் போனேன். அவர் கட்டிலில் சாய்ந்து விழித்திருந்தார். அத்தை கீழே உட்கார்ந்து உள்ளி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அபியும் அங்கே வந்து, இஸ்திரி போட்ட சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இந்த மோதிரத்தை மாப்பிள்ளைக்குப் போட வேண்டாம்."

"ஏன், இதுல என்ன குறை? அசல் தங்கம். உங்க அப்பா போட்டதுதானே?"

"எங்க அப்பா போட்டதுதான். அது என் மூஞ்சியில பட்ட மோதிரம் அத்தை."

உள்ளி உரிக்கும் கை நின்றது. அத்தை கட்டில் பக்கம் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம். எந்த வீட்டுல இல்லாதது? இப்பப் போயி, அவன் கிடக்குற கிடையில..."

"ஆச்சி, பீரோவுல இருக்குறது எந்தக் காலம்?" என்றாள் அபி.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சேலை மடிப்பை நிறுத்தாமலே பேசினாள்.

"சின்ன வயசுல அந்தக் குழிக்குள்ள விரல வெச்சு வெச்சுப் பாப்பேன்மா. ஓரம் கூரா இருக்கும். உன்கிட்டக் கேட்டா நீ அழுவேன்னு கேக்கல."

இத்தனை வருடம் அவளுக்குத் தெரியாமல் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மட்டும்தான் உள்ளே இருப்பதாக நினைத்த இடத்தில் அவளும் இருந்திருக்கிறாள்.

"மாப்பிள்ளை வீட்டுல கேட்டா என்ன சொல்ல?" என்று அத்தை முணுமுணுத்தார்கள்.

"வாட்ச் கட்டுவோம்னு சொல்லு ஆச்சி. மாப்பிள்ளைகிட்ட நானே பேசிக்கிடுதேன்" என்று அபி எழுந்தாள். "வாம்மா, ஆசாரி கடை திறந்திருக்கும்."

போனோம். நாங்கள் நிற்கும்போதே உருக்கச் சொன்னேன். "என்ன செய்யணும்?" என்று ஆசாரி கேட்டார். "ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா கட்டியா குடுங்க" என்றேன். ஒருமாதிரியாகப் பார்த்தார். முதலில் எழுத்து போனது, பிறகு மூலைகள் ஒவ்வொன்றாக உள்ளே அமிழ்ந்தன. கொண்டைக்கடலை அளவு ஒரு உருண்டை. உன் போளி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஆமாம், அந்த டப்பா என்னிடம்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளச் சொன்னாயே. நூல்கண்டை அபியின் பெட்டியில் வைத்தேன். எதற்கென்று கேட்டாள். கழற்றும் விதத்தை அவள் விரலிலேயே செய்துகாட்டினேன்.

இப்படி முடித்துவிட்டால் உனக்கு சந்தோஷமாக இருக்கும். ஆனால் உன்னிடம் கதவு இடித்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

கம்பிக் கதவின் சாவி இப்போது என் இடுப்பில்தான் இருக்கிறது. அபி கல்யாணம் முடிந்து போய்விடுவாள். பிறகு இந்த வீட்டில் அவரும் அத்தையும் நானும். அவருக்கு நான்தான் ஊட்ட வேண்டும், நான்தான் துடைக்க வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஸ்கூல் விட்டால் நேரே வீடு. யாரும் பூட்டவில்லை. ஆனாலும் நான் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன்.

ஆசாரி கடையிலிருந்து திரும்பி வந்து அவர் கட்டிலருகே நின்றேன். காலையில் நான் சொன்னதெல்லாம் அவர் கேட்டிருந்தார். அவரால் தூக்க முடிகிற இடது கையை மெல்ல உயர்த்தினார். தண்ணீர் வேண்டும் என்றால் அப்படித்தான் காட்டுவார், எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கால் போய்விட்டது. நீ சொல்லிக்கொடுத்த அதே எட்டு, அவருடைய வலது தோளைத் தாண்டி, மோதிரமில்லாத அந்தக் கை செத்துக் கிடக்கும் பக்கம்.

அவர் என் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உயர்ந்திருந்த கை மெல்லத் தாழ்ந்து போர்வைமேல் விழுந்தது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நீ இருந்திருந்தால், 'இப்பத்தான்ட்டி கோணம் சரியா வந்துருக்கு' என்று சொல்லியிருப்பாய். உன்னிடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு எட்டுதான். தூங்கும்போதும் அது என் காலில் இருக்கிறது. இனி யாருக்கும் அது தேவையில்லை என்று காலுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் டம்ளரை எடுத்தேன். வெளிப்பக்கம் போகும் எட்டை நீ சொல்லிக்கொடுத்தாய். அங்கிருந்து உள்ளே திரும்பி வரும் எட்டை நீ சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நானாக வைத்து, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.